பன்றிக்கு ஒரு துப்பாக்கி, பதக்கத்துக்கு ஒரு துப்பாக்கி

துப்பாக்கி சுடக் கற்றுக்கொள்ள எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், எவ்வளவு செலவாகும்? கோலசிலாங்கூர் வட்டாரத்திலிருந்து இந்தக் கேள்வி வருகிறதென்றால், அதைக் கேட்பவர் ஒருவரல்லர், மூவர்.

முதலாமவர் ஈஜோக் பக்கம் நாலைந்து ஏக்கரில் செம்பனை வைத்திருப்பவர். கன்று நட்ட மறு வாரமே காட்டுப்பன்றி வந்து குருத்தைக் கிளறித் தின்றுவிட்டுப் போய்விடுகிறது. இரண்டாமவர், தோட்டம் கைமாறிய பிறகு லயத்தைக் காலி செய்துவிட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிவந்த குடும்பத் தலைவி. பக்கத்து வீட்டில் பாராங்கோடு புகுந்து நகையைப் பறித்துப் போனார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. மூன்றாமவர் படிவம் ஐந்து முடித்த தம்பி. இணையத்தில் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, "அங்கே தற்காப்புத் துப்பாக்கி வகுப்பு நடத்துகிறார்களே, இங்கே ஏன் இல்லை?" என்று கேட்கிறார்.

மூவருக்கும் மூன்று பதில்கள் இருக்கின்றன. ஆனால் மூவரும் முதலில் தட்ட வேண்டிய கதவு ஒன்றுதான். அது போலீஸ் நிலையத்தின் கதவு.

நம் நாட்டில் இதற்கு அடிப்படை 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். உரிமமோ அனுமதியோ இல்லாமல் சுடும் ஆயுதத்தையோ தோட்டாவையோ யாரும் வைத்திருக்கக் கூடாது என்பது அதன் சாரம். உரிமம் தரும் அதிகாரம் மாநிலப் போலீஸ் தலைவரிடம் இருக்கிறது. மனு மாவட்டப் போலீஸ் வழியாகப் போகிறது. எந்தக் காரியத்துக்காக உரிமம் கொடுக்கப்பட்டதோ அந்தக் காரியத்துக்கு மட்டுமே துப்பாக்கியைத் தொடலாம். பயிரைக் காக்க வாங்கிய துப்பாக்கியைக் கல்யாண வீட்டுக்கு எடுத்துப் போய் நண்பர்களுக்குக் காட்டினால், அது உரிமத்துக்கு வெளியே போன செயல்.

பலர் நினைப்பது போல, "குண்டு போடும் துப்பாக்கிதானே ஆயுதம், காற்றுத் துப்பாக்கி விளையாட்டுச் சாமான்தானே?" என்று கேட்க முடியாது. அந்தச் சட்டத்தின் கண்ணில் காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான். தமிழ்நாட்டுத் திருவிழாக் கடையில் பலூன் சுட்டுவிட்டு வந்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஆனால் உரிமமில்லாமல் வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. துப்பாக்கியே இல்லாமல் தோட்டா மட்டும் அகப்பட்டாலும் அதே பிரிவுதான். நிஜத் துப்பாக்கியைப் போலச் செய்த போலித் துப்பாக்கிக்கும் ஒரு பிரிவு உண்டு: ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். இணையத்தில் ஏர்சாஃப்ட் என்று ஆர்டர் செய்து, தபாலில் வந்ததும் போலீசையும் சேர்த்து வரவேற்றவர்கள் இருக்கிறார்கள். பெற்றோர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளையின் பெயரில் வரும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பது தப்பே இல்லை.

இதற்கு மேலே 1971-ஆம் ஆண்டு சுடும் ஆயுதக் கூடுதல் தண்டனைச் சட்டம் இருக்கிறது. சட்டவிரோதமாகச் சுடும் ஆயுதம் வைத்திருந்தால், அதன்படி 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும். இதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பையன்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

ஏன் இவ்வளவு கடுமை? இது யாரோ ஓர் அதிகாரியின் பிடிவாதத்தில் வந்ததல்ல. இந்தப் பகுதி மண்ணிலேயே அதன் காரணம் புதைந்து கிடக்கிறது.

கோலசிலாங்கூரில் புக்கிட் மெலாவத்திக்குப் போகாத பள்ளிச் சுற்றுலா கிடையாது. பிள்ளைகள் குரங்குக்குத் தீனி போட்டுவிட்டுப் பீரங்கிமேல் ஏறிப் படமெடுத்துக்கொள்கிறார்கள். 1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்த கோட்டை அது. அது பழங்கதை என்று விட்டுவிடலாம். ஆனால் தோட்டப்புறத் தமிழனுக்கும் துப்பாக்கிக்கும் உள்ள கதை, நம் தாத்தா பாட்டி காலத்துக் கதை.

1943-இல் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். பால்வாளி தூக்கிய கை ரைஃபிள் தூக்கியது. அவ்வாண்டு அக்டோபரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. அதில் சேர்ந்த பெண்களில் பலர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். சேலை கட்டி வளர்ந்தவர்கள் காற்சட்டை அணிந்து, அணிவகுத்து, குறி பார்த்துச் சுடக் கற்றார்கள். இன்றைக்கு, "பெண்பிள்ளைக்குத் துப்பாக்கி எதற்கு?" என்று கேட்பவர்கள் தங்கள் பாட்டியின் பழைய பெட்டியை ஒருமுறை திறந்து பார்க்கலாம்.

அதற்குப் பிறகு ஐந்தாறு ஆண்டுகளில் காட்சி தலைகீழாகிவிட்டது. 1948 ஜூன் 16-இல் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்தது. தோட்டங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் துப்பாக்கியோடு காவலுக்கு வந்தார்கள். அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு என்று அவசரகால விதி சொன்னது. யாரையும் சுட்டிருக்க வேண்டியதில்லை, வைத்திருந்தால் போதும்.

அந்த விதியின் கீழ் தூக்கிலேறியவர்களில் ஒருவர் எஸ்.ஏ. கணபதி. பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர், இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர், அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். 1949 மார்ச் மாதம் ரவாங் வட்டாரத்தில் கைத்துப்பாக்கியோடும் தோட்டாக்களோடும் பிடிபட்டார் என்பது வழக்கு. இந்தியாவிலிருந்து கருணை கேட்டும் பலனில்லை. மே 4-ஆம் தேதி பூடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். பிடிபட்டதற்கும் தூக்குக்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டு மாதம்தான். அவர் அரசியலைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கும். அந்த வாதத்துக்கு இங்கே நான் போகவில்லை. நம் சமுதாயத்துக்கு நினைவில் இருக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. ஒரு கைத்துப்பாக்கி நம் வட சிலாங்கூர் மண்ணில் ஒரு தமிழனின் உயிருக்கு விலையாக இருந்திருக்கிறது.

அவசரகாலம் 1960-இல் முடிந்தது. ஆயுதச் சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான். பிறகு எழுபதுகளில் வங்கிக் கொள்ளையும் துப்பாக்கிச் சண்டையும் பத்திரிகைகளை நிறைத்தன. பொத்தாக் சின் என்ற பெயரைக் கேட்டால் இன்றும் கோலாலம்பூர்ப் பெரியவர்கள் கதை சொல்லுவார்கள். 1976-இல் பிடிபட்ட அவன் 1981-இல் தூக்கிலிடப்பட்டான். தண்டனை கொடுக்கப்பட்டது கொள்ளைக்காக அல்ல. துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருந்ததற்காக, உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ். அந்தச் சட்டம் 2012-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் "துப்பாக்கி கையிலிருப்பதே குற்றம்" என்ற சிந்தனை நம் சட்டத்தில் ஊறிப்போனது.

இனி முதலாமவருக்கு, அதாவது பன்றித் தொல்லைக்காரருக்கு வருவோம்.

பயிர்க் காவலுக்குத் தோட்டாத் துப்பாக்கி, மலாயில் செனப்பாங் என்று நாம் சொல்வது, உரிமத்தோடு வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள். நிலம் உங்களுடையது என்பதற்கு ஆவணம் வேண்டும். உங்கள்மேல் குற்றப் பதிவு இருக்கக் கூடாது. பூட்டி வைக்கப் பாதுகாப்பான இடம் வேண்டும். இதில் இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கிக்கு உரிமம் இருக்கிறது என்பதால் காட்டில் எதையும் சுடலாம் என்று அர்த்தமில்லை. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றியும் பட்டியலில் இருக்கிறது. வேட்டைக்குப் பெர்ஹிலித்தானின் உரிமம் தனியாக வேண்டும்.

அந்தத் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் ஆபத்து புரியும். ரைஃபிளிலிருந்து ஒரே குண்டுதான் புறப்படும். செனப்பாங்கில் ஒரு தோட்டாவுக்குள் பல குண்டுகள். பறவைக்குச் சுடும் தோட்டாவில் கடுகு போல நூற்றுக்கணக்கில் இருக்கும். பன்றிக்குப் போடும் எஸ்.ஜி. ரகத்தில் பட்டாணி அளவுக்கு மேலான குண்டுகள் ஒன்பது. குழாயை விட்டுப் புறப்பட்டதும் அவை கொஞ்சம் கொஞ்சமாகப் பரவும். நாற்பது மீட்டருக்குள் பன்றியை வீழ்த்தலாம். பன்றிமேல் படாத குண்டுகள்? அவை நின்றுவிடாது. பல நூறு மீட்டர் தள்ளி, யார் மீதாவது, எதன் மீதாவது போய்ப் பட்டுத்தான் ஓயும்.

செம்பனைக் காடு பார்க்க வெறிச்சோடிக் கிடக்கும். ஆனால் உள்ளே ஆள் இருப்பார்கள். விடியுமுன்னே குலை வெட்டப் போகும் வெளிநாட்டுத் தொழிலாளி, வாய்க்காலில் தூண்டில் போடும் பையன், பாக்குக் கீரை பறிக்கும் பாட்டி. "பன்றி என்று நினைத்துச் சுட்டேன்" என்ற செய்தியை நம் பத்திரிகைகள் எத்தனை முறை போட்டிருக்கின்றன! கூட வேட்டைக்குப் போன நண்பனையே, சொந்த உறவையே சுட்டவர்கள் உண்டு. அவர்கள் யாரும் கொலைகாரர்களாகப் பிறந்தவர்களல்லர். ஓலை அசைந்தது, விரல் அழுத்தியது, அவ்வளவுதான்.

உலகம் முழுவதும் சுடும் களங்களில் சொல்லிக் கொடுக்கும் நான்கு விதிகள் இருக்கின்றன. அமெரிக்காவைச் சேர்ந்த ஜெஃப் கூப்பர் என்ற முன்னாள் மரீன் படைவீரர் அவற்றை ஒழுங்குபடுத்திப் பரப்பினார். எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாகவே நினைக்க வேண்டும் என்பது ஒன்று. "இப்போதுதான் காலி செய்தேன்" என்று யார் சொன்னாலும் வாங்கியவுடன் நீங்களே திறந்து பார்க்க வேண்டும். எதைச் சிதைக்க மனமில்லையோ அதன் பக்கம் குழாயின் வாயைத் திருப்பவே கூடாது என்பது அடுத்தது. மோட்டார் சைக்கிள் பின்னிருக்கையில் செனப்பாங்கைக் குறுக்கே வைத்துக்கொண்டு போகிறவர் கிராமத்தில் பாதிப் பேரைக் குறிபார்த்துக்கொண்டே போகிறார். மூன்றாவது, குறி பார்த்து முடிக்கும்வரை விசையில் விரல் இருக்கக் கூடாது. சேற்றில் வழுக்கினால் மனிதக் கை தானாக இறுகும். விரல் உள்ளே இருந்தால் வெடிக்கும். நான்காவதுதான் தோட்டக்காரர்களுக்கு முக்கியமானது. சுடப்போவது என்ன என்பதும், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரியாமல் சுடக் கூடாது. தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில் இரண்டு கண் மின்னினால் அது பன்றி என்று ஆகிவிடாது. முழு உடம்பும் தெரிய வேண்டும். பின்னால் மண்மேடு இருந்தால் நல்லது. பின்னால் பாதை இருந்தால் பன்றி பிழைத்துப் போகட்டும், நாளைக்கும் வரும்.

சிறு நிலத்துக்காரர்களுக்கு என் அபிப்பிராயம், துப்பாக்கி கடைசி வழியாக இருக்கட்டும். வேலியும் அகழியும் இராத்திரியில் தூங்கப் போவதில்லை.

காவல் வேலை செய்யும் ஜாகா அண்ணன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கையிலிருக்கும் பம்ப் கன் உங்கள் சொத்தல்ல. அது கம்பெனியின் உரிமத்தில் வருவது. வேலை முடிந்ததும் திரும்பிப் போக வேண்டும். 2013 அக்டோபரில் சுபாங் ஜெயாவில் ஒரு வங்கிக்குள் காவலரே அதிகாரியான பெண்ணைச் சுட்டுக் கொன்று பணத்தோடு ஓடிய சம்பவத்துக்குப் பிறகு, காவலர்களின் அடையாள ஆவணங்களையும் பின்னணியையும் துருவிப் பார்ப்பது கடுமையானது. பயிற்சி தராமல் துப்பாக்கியை மட்டும் கொடுத்து வாசலில் நிற்கச் சொன்னால், "முதலில் சுடக் கற்றுக்கொடுங்கள்" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

இரண்டாமவரின் கேள்வி கடினமானது. பயம் நியாயமான பயம். அதற்குத் துப்பாக்கி மருந்தா?

அமெரிக்கக் கதை வேறு. 2008-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனிதனின் உரிமை என்று தீர்ப்பளித்தது. உரிமை இருக்கும் இடத்தில் வகுப்பும் இருக்கும். மேலே சொன்ன கூப்பர் 1976-இல் அரிசோனாவில் பள்ளியே தொடங்கினார். அதே ஆண்டில்தான் ஐ.பி.எஸ்.சி. என்ற நடைமுறைச் சுடுதல் போட்டி அமைப்பும் பிறந்தது. ஓடிக்கொண்டே, மறைவிடத்திலிருந்து, நேரக் கணக்கோடு பல இலக்குகளைச் சுடும் போட்டி அது. அதன் உலகப் போட்டி 2022-இல் பக்கத்திலேயே தாய்லாந்தின் பட்டாயாவில் நடந்தது. அந்த விளையாட்டில் ஈடுபடுபவர்கள் மலேசியாவிலும் உண்டு, எல்லாம் உரிமத்துக்கு உட்பட்டு. ஆனால் நம் அரசியலமைப்பில் துப்பாக்கி ஓர் உரிமையாக எங்கும் எழுதப்படவில்லை. இங்கே அது தரப்படும் சலுகை. எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். தற்காப்புக்கென்று கைத்துப்பாக்கி உரிமம் பெறுவோர் மிகச் சிலர். உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்று போலீசை நம்ப வைக்க வேண்டும்.

சரி, கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எங்கே வைப்பீர்கள்? தலையணைக்கடியில் வைத்தால் பேரப்பிள்ளை எடுப்பான். இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்தால், பாராங்கோடு வந்தவன் சாவி தேடும்வரை காத்திருக்க மாட்டான். வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று வெளியே கசிந்தால், நகைக்காக வராதவன்கூட அதற்காக வருவான். கறுப்புச் சந்தையில் அதற்கு மவுசு அப்படி. மூன்று பக்கமும் சுவர்!

சுட்டாலும் சட்டம் கேள்வி கேட்கும். நம் தண்டனைச் சட்டத் தொகுப்பில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. இது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழியாக வந்தது. உரிமை இருக்கிறது. தன் உடம்பை மட்டுமல்ல, அடுத்தவர் உடம்பையும் சொத்தையும்கூடக் காக்கலாம். ஆனால் 99-ஆம் பிரிவு கடிவாளம் போடுகிறது: தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமையே எழாது. உயிர்போகும் என்றோ படுகாயம் ஏற்படும் என்றோ நியாயமான அச்சம் இருந்தால், எதிரியின் உயிர் போகும் அளவுக்கும் தற்காக்கலாம் என்று 100-ஆம் பிரிவு சொல்கிறது. கொள்ளை, இரவில் வீடு உடைத்தல் போன்றவற்றுக்கு 103-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் திருடன் மதில் ஏறி ஓடிக்கொண்டிருக்கிறான், நீங்கள் முதுகில் சுடுகிறீர்கள் என்றால் அச்சம் எங்கே இருக்கிறது? அந்தக் கணத்தில் வீட்டுக்காரர் குற்றவாளிக் கூண்டுக்கு மாறிவிடுவார். அமெரிக்காவின் நல்ல தற்காப்பு வகுப்புகளில்கூடப் பாதி நேரம் எப்போது சுடக் கூடாது என்றுதான் பாடம் நடக்கும்.

தாமானில் இருப்பவர்களுக்குக் கைகொடுப்பது பழைய சங்கதிகள்தாம். பின்கதவுக்கு நல்ல கிரில், சந்தில் விளக்கு, குரைக்கும் நாய், 999 என்ற எண், பக்கத்து வீட்டாரின் கைப்பேசி எண். 1975-லிருந்து ருக்குன் தெத்தாங்கா என்ற ஏற்பாடு இருக்கிறது. நம்மவர்கள் கோயில் கூட்டத்துக்கு வரும் வேகத்தில் பாதியை அதற்குக் காட்டினாலே இரவில் ரோந்து நடத்தலாம். உடம்பால் கற்றுக்கொள்ள ஆசையிருந்தால் சிலம்பம் இருக்கிறது. அதற்கு யாரும் உரிமம் கேட்க மாட்டார்கள்.

இப்போது மூன்றாமவர். அந்தத் தம்பியிடம் பேசும்போதுதான் எனக்கு மனம் கனக்கிறது.

தோட்டம் விற்கப்பட்டு, குடும்பங்கள் சிதறி, படிப்பு பாதியில் நின்ற பிள்ளைகளைக் குண்டர் கும்பல்கள் எப்படிச் சேர்த்துக்கொண்டன என்பது யாருக்கும் தெரியாத இரகசியமல்ல. 2013-இல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பெயரை வெளியிட்டபோது, உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் இந்தியர்கள் என்ற கணக்கும் சேர்ந்தே வந்தது. பெந்தோங் காளி 1993 ஜூன் 29-இல் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டு முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்னும் சில பையன்கள் அவரைப் படக் கதாநாயகனைப் போலப் பேசுகிறார்கள்.

பையன்கள் மாட்டுவது எப்படித் தெரியுமா? பெரும்பாலும் யாரும் வந்து, "இந்தா துப்பாக்கி, போய்ச் சுடு" என்று சொல்வதில்லை. "தம்பி, இந்தப் பையை இரண்டு நாள் வைத்திரு, வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்பார்கள். அல்லது, "அண்ணனோடு காரில் சும்மா வா" என்பார்கள். பையைத் திறந்து பார்க்காதவன்கூடப் பையோடு பிடிபட்டால், தன் அறியாமையை நீதிமன்றத்தில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். காரில் சும்மா போனவனுக்கோ 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 9-ஆம் பிரிவு காத்திருக்கிறது. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவனோடு, அது தெரிந்தே கூட இருந்தான் என்று சூழ்நிலை காட்டினால், கூட இருந்தவனுக்கும் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. துப்பாக்கி அவன் கையில் இல்லாவிட்டாலும்!

இதைவிடக் கொடியது 3-ஏ பிரிவு. கொள்ளை போன்ற குற்றத்தின்போது ஒருவன் யாரையாவது கொல்லும் அல்லது காயப்படுத்தும் நோக்கில் சுட்டால், உடன் போனவர்களும் சுட்டவனைப் போலவே தண்டிக்கப்படுவார்கள். சுடாமல் தடுக்கத் தன்னால் இயன்றதையெல்லாம் செய்தேன் என்று நிரூபித்தால்தான் தப்பலாம். முன்பு இதற்குக் கட்டாய மரண தண்டனை. 2023 ஜூலை 4-இல் கட்டாய மரண தண்டனை நீக்கச் சட்டம் நடப்புக்கு வந்த பிறகு, நீதிபதி மரண தண்டனைக்குப் பதிலாக 30 முதல் 40 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 12 பிரம்படியும் விதிக்கலாம். 18 வயதில் உள்ளே போகிறவன் 48 வயதிலோ 58 வயதிலோ வருவான். அம்மா இருக்க மாட்டாள்.

பிள்ளையின் அலமாரியில் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டால் தாய்மார்கள் என்ன செய்ய வேண்டும்? கையில் எடுக்காதீர்கள். ஆற்றில் வீசாதீர்கள், கொல்லையில் புதைக்காதீர்கள். அப்படிச் செய்தால் நீங்களும் வழக்கில் சேர்ந்துவிடுவீர்கள். அறையைப் பூட்டிவிட்டு முதலில் ஒரு வழக்கறிஞரைப் பிடியுங்கள், தாமதிக்காமல் அவரோடு போலீசுக்குப் போங்கள். காசில்லை என்று தயங்க வேண்டாம். கைதாகும் மலேசியர்களுக்கு இலவசச் சட்ட உதவி தர 2011-இல் அமைக்கப்பட்ட தேசியச் சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. செம்பனைக் காட்டில் யுத்த காலத்துத் துருப்பிடித்த தோட்டாவோ குண்டோ கிடைத்தாலும் நினைவுப் பொருளாக வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. 1942 ஜனவரியில் ஜப்பானியர் கடல் வழியாகவும் கோலசிலாங்கூரை நெருங்கிய பகுதி இது. மண்ணில் எது கிடந்தாலும் தொடாமல் தகவல் சொல்லுங்கள்.

அதே தம்பிக்கு, அதே ஆசைக்கு, நேர்மையான வழியும் இருக்கிறது. அது விளையாட்டு.

மலேசியத் தேசியத் துப்பாக்கி சுடும் சங்கம், அதற்குக் கீழே மாநிலச் சங்கங்களும் மன்றங்களும் இயங்குகின்றன. நமக்கு அருகில் சுபாங்கில் தேசியச் சுடுகளம் இருக்கிறது. 2017 சீ விளையாட்டுப் போட்டியில் சுடுதல் அங்கேதான் நடந்தது. பெஸ்தாரி ஜெயாவிலிருந்து காரில் போனால் எட்டிவிடும் தூரம். பஸ்ஸை நம்பினால்தான் பாடு. புதிதாக வருபவர் சொந்தத் துப்பாக்கி வாங்கத் தேவையில்லை. மன்றத்தின் துப்பாக்கியை, களத்துக்குள்ளே, பயிற்றுநர் கண்பார்வையில் பயன்படுத்தலாம்.

பத்து மீட்டர் காற்று ரைஃபிள் என்ற போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு. இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான், பேனா முனையால் வைத்த புள்ளி மாதிரி. ஒன்றேகால் மணி நேரத்தில் 60 முறை சுட வேண்டும். உடம்பு பலம் இதில் செல்லாது. ஆணும் பெண்ணும், குட்டையும் நெட்டையும் இங்கே ஒன்று. மூச்சை அடக்கி, இரண்டு இதயத் துடிப்புக்கு நடுவே விசையை அழுத்தப் பழகுகிறார்கள்.

நம் நாட்டின் நூர் சூர்யானி தாய்பி 2010 டில்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்டார். ஒலிம்பிக்கில் சுட்ட முதல் மலேசியப் பெண் அவரே. தமிழர்களிலும் ஆளில்லாமல் போகவில்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கிண்ணப் போட்டியில் இதே பத்து மீட்டர் பிரிவில் தங்கம் வென்று, தோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளுக்குப் போனார். புதுக்கோட்டை அரச குடும்பத்து பிரித்விராஜ் தொண்டைமான் பறக்கும் மண்தட்டைச் சுடும் டிராப் பிரிவில் 2024 பாரிஸில் கலந்துகொண்டார். இந்தியாவுக்கு 2012-இல் வெண்கலம் வாங்கிக் கொடுத்த ககன் நரங் சென்னையில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

செலவு உண்டு, மறைக்கவில்லை. நல்ல போட்டி ரைஃபிளும் தடித்த மேலங்கியும் ஆயிரக்கணக்கான வெள்ளி. அதனால்தான் இந்த விளையாட்டு இன்றும் வசதியுள்ளவர்களின் கையிலேயே இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேன் ஏற்பாடு செய்து, மாதம் இருமுறை சுபாங்குக்குக் கொண்டுபோய் வரும் செலவு, நம் பொது இயக்கங்கள் ஒரு விருந்து நிகழ்ச்சிக்கு மாலையும் பொன்னாடையும் வாங்கும் செலவைத் தாண்டாது.

போகிறவர்கள் அடையாள அட்டையை எடுத்துச் செல்லுங்கள். வயது குறைந்தவரென்றால் பெற்றோர் கூடப் போங்கள். தட்டையான அடியுள்ள காலணி போடுங்கள். களத்தில் "நிறுத்து" என்று ஒரு குரல் கேட்டால், குறி எவ்வளவு நன்றாக அமைந்திருந்தாலும், அந்த நொடியே விசையிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும். அறையைத் திறந்து குண்டில்லை என்று காட்டி, மேசைமேல் துப்பாக்கியை வைத்துவிட்டுப் பின்னால் நகர வேண்டும். எல்லாத் துப்பாக்கியும் மேசைக்கு வந்த பிறகுதான் யாராக இருந்தாலும் இலக்குப் பக்கம் நடக்கலாம்.